படலைச் சாத்து

ஆடே இல்லாத வீட்டுக்கு
எதற்கு இந்த நாய் என்று
விற்றவனே கேட்டான்,
மிடில்மார்ச்சில், மழையில்,
டிரக்கின் பின்கதவைப் பிடித்தபடி.
இவன் ஹண்டவே.
மலைச்சரிவில் ஆயிரம் ஆடுகளைத்
தொண்டையால் தள்ளுகிற இனம்.
குரைப்பது கெட்ட பழக்கமல்ல இவனுக்கு,
உத்தியோகம்.

நான் டனீடனில் பஸ் ஓட்டுகிறவள்.
சரி, கொடு என்றேன்.
பெயர் ஸ்லேட் என்றான்.
எழுதினது எதுவும் அழியாத ஸ்லேட் என்பது
ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் செருப்புகள்.
பூட்ஸ் இரண்டு ஜோடி, குளியலறை ரப்பர்,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் சப்பாத்து
எல்லாம் அடுப்படி மூலையில்.
ஒன்றிலும் பல் படவில்லை.
சேர்த்திருந்தான், அவ்வளவுதான்.
எதிரே படுத்து என்னையே பார்த்தான்:
அடைத்தாயிற்று,
படலைச் சாத்து.

நடத்து என்றார்கள். நடத்தினேன்.
விடியுமுன் நாலு மணி,
செயின்ட் கில்டா கடற்கரை, ஜூலை மாதம்.
இங்கே தெற்கிலிருந்து வருவதைத்
தென்றல் என்று சொல்ல
எவனுக்கும் வாய் வராது.
பனிக்கண்டத்தின் கதவைத்
திறந்துபோட்டுவிட்டு வருகிற காற்று அது.
எட்டு கிலோமீட்டர்.
திரும்பும்போது நான் கந்தல்.
அவனுக்கோ அப்போதுதான் சுருதி சேரும்.
நடக்க நடக்க
இன்னும் நடக்க வல்லவனானான்.
நெய்யூற்றித் தீயணைத்த கதை.

கடற்பறவைகளை ஒரு பக்கம் ஒதுக்கினான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை
நிறுத்தத்துச் சுவரோரம் ஒதுக்கினான்.
(பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஒரு தாய்க்கு இல்லை.)
தபால்காரன் ஒற்றை ஆள்,
ஒதுக்க முடியாத ஆத்திரத்தில்
தெரு அதிரக் குரைத்தான்.

மேல்வீட்டு லியோட்டா வேலியருகே வந்தாள்.
இரவெல்லாம் ஆஸ்பத்திரித் தரை துடைப்பவள்.
"உன் நாய் கெட்டவனில்லை.
ஆனால் ஒன்பதுக்கு நான் கண்மூடினால்
பத்துக்குத் தபால் வருகிறது."
வேறொன்றும் சொல்லவில்லை.
நகரசபைக் கடிதம் அடுத்த வாரம் வந்தது.
எழுதியது அவளில்லை.
யாரென்று இன்றுவரை தெரியாது.

அன்று ராத்திரி ஒரு சீட்டில்
விளம்பரம் எழுதினேன்:
நல்ல நாய். ஆடு வேண்டும்.
அதற்குமேல் பேனா நகரவில்லை.
பஸ் டிப்போ பலகையில் குத்திவிட்டு வந்தபின்தான்
உறைத்தது,
விற்பனை என்ற சொல்லே அதில் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு முதிய குரல், போனில்:
"மர்டோக் பேசுகிறேன், தையரியிலிருந்து.
என்னிடம் ஆடு இருக்கிறது.
நாய் செத்து ஆறு மாதம்.
செவ்வாய்க்கிழமை வா."

முப்பத்துநாலு ரோம்னி ஆடுகள்,
நனைந்த மெத்தைகள்போல், மேட்டில்.
மர்டோக் கேட்டைத் திறந்துவிட்டு
சிகரெட் சுருட்ட ஆரம்பித்தார்.
ஸ்லேட் குரைக்கவேயில்லை.
ஒரு காலைத் தூக்கி நின்றான்.
இவனும் மறந்துவிட்டானா என்று
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
பிறகு திறந்தான் அந்தத் தொண்டையை.
நான் பிடித்திருந்த கம்பி வேலி
கைக்குள் நடுங்கியது.
ஒரு வருஷமாக என் வீட்டில் அவன் பேசியதெல்லாம்
கிசுகிசுப்பு.

பதினோரு நிமிடம்.
முப்பத்துநாலும் உள்ளே.
மர்டோக் கேட்டைத் தள்ளினார்,
இரும்பு இரும்பில் விழுந்தது.
அந்தச் சத்தம் கேட்டதும்
ஸ்லேட்டின் முதுகிலிருந்து
ஏதோ இறங்கிப்போவதைப் பார்த்தேன்.
தொட்டித் தண்ணீரில் போய்
அப்படியே உட்கார்ந்துகொண்டான்.
"குடிக்கிற தண்ணி" என்றார் மர்டோக்,
துரத்தாமல்.

செவ்வாய் ஒரு நாள்தான்.
மற்ற ஆறு நாளும் செருப்புகள்
அடுப்படி மூலையில்தான்.
நான் அடுப்படிக் கதவை
சத்தம் கேட்கும்படி அடித்துச் சாத்துகிறேன்.
ஆச்சு, ஸ்லேட், என்கிறேன்.
அவன் நம்புவதில்லை.
ஒரு மரியாதைக்குப்
படுத்துக்கொள்கிறான்.