சாய்த்துப் பார்த்தல்

பல்லுத் தீட்டும்போது தொடங்கினதாம்.
உமிழ்ந்த நுரை சிவந்தது.
வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று
கமலரூபன் அன்றைக்கும் பசளை எறியப் போனார்.
மூன்றாம் நாள்
முழங்கால் வீங்கி மடங்க மறுத்தது,
சிறுநீர் தேயிலைச் சாயமாய் இறங்கியது.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் உரச்சாக்கு விரித்து
வவுனிக்குளத்து வாய்க்கால் றோட்டால்
மல்லாவிக்கு ஏற்றிவந்தார்கள்.

மார்கழி. வயலால் வந்த ஆள். முரசால் ரத்தம்.
வன்னியில் இதற்கு ஒரே விடைதான்:
விரியன்.

காலைக் கழுவினோம்.
விரலிடுக்குகளை விரித்து டோர்ச் அடித்தோம்.
முள்ளுக் கிழித்தது இருந்தது, அட்டை கடித்தது இருந்தது,
பதினாறு வருசமாய்க் கெண்டைக்கால் தோலுக்குள்
ஒரு ஷெல் துண்டு, புளியங்கொட்டை அளவில்.
பல்லுப் பட்ட இடம் மட்டும் இல்லை.

என் வேலை சின்னது.
ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில்
கொஞ்சம் ரத்தம் விட்டு
இருபது நிமிசம் தொடாமல் வைப்பது.
பிறகு ஒருமுறை,
ஒருமுறை மட்டும்,
சாய்த்துப் பார்ப்பது.
உறைந்திருந்தால் குழாயோடு நிற்கும்.

"ஏன் மிஸ் அதையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"
அவர் மனைவி சுபோதினி.
கையில் ஃபிளாஸ்க். மூடி திறக்கவில்லை.

ஓடியது.
தண்ணீரைப்போல, எந்தக் கூச்சமும் இல்லாமல்.

ஒருகாலத்தில் பதுங்குகுழி வாசலில்
என் பாவாடையில் பட்டது யாருடையதோ,
பின்னேரத்துக்குள் காய்ந்து மொடமொடத்துவிட்டது.
ரத்தம் என்றால் கடைசியில் நிற்கும் என்று
பதின்மூன்று வயதில் பாடமாக்கியிருந்தேன்.

டொக்டர் மாத்தறைப் பெடியன்.
தமிழை ஒவ்வொரு கல்லாய் அடுக்கித்தான் கதைப்பார்.
விசமுறி ஊசியை உடைக்கப் போன கையை நிறுத்தி
"வீட்டில... எலி... இருக்கா?" என்றார்.
"எலி எல்லா வீட்டிலயும்தானே," என்றாள் சுபோதினி.
கட்டில் காலைப் பிடித்தபடி நின்ற மகன்
துவாரகன், ஏழு வயது,
"நீல அரிசி," என்றான்.

பன்னிரண்டு நாளுக்கு முந்தி.
லோன்காரர் வந்துபோன வெள்ளிக்கிழமை.
நெல்மூட்டைக்குக் கீழே வைத்த நஞ்சு
தின்ற அன்று ஒன்றும் செய்யாது.
சாப்பிட்ட எலி மறுநாளும் ஓடித்திரிய வேண்டும்,
மற்ற எலிகள் பயப்படாமல் வர வேண்டும்.
அதுவரை ஈரலுக்குள் குந்தியிருந்து
ரத்தத்தைக் கட்டுகிற கயிறுகளை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டிருக்கும்.
ஆள் மட்டும் வழக்கம்போலப் பசளை எறிவான்,
பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போவான்,
சிரிக்கவும் சிரிப்பான்.

படிவத்தில் இரண்டு பெட்டி:
தவறுதலாக. தானாக.
பேனையோடு குனிந்தேன்.

"வயலால வந்தனான். சரியான பசி.
இருட்டு. சட்டியில கிடந்தது."

"சட்டியில நான் வைக்கேல்லை,"
சுபோதினி சுவருக்குச் சொன்னாள்.

இருட்டுக்குப் பெட்டி இல்லை.
இரண்டையும் வெறுமையாய் விட்டு
கீழே என் கையெழுத்தை வைத்தேன்.
அடுத்த நாள் மனநல வார்டிலிருந்து வந்தவர்
கதவைச் சாத்திவிட்டு
நெடுநேரம் அவரோடு இருந்தார்.
என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வவுனியாவிலிருந்து உறைந்த பிளாஸ்மா வந்தது.
மஞ்சள் மருந்து ஊசியாய், பிறகு வாயால்,
நாள்கணக்கு இல்லை, மாதக்கணக்கு.
நஞ்சு குந்தியிருக்கும் வரை
மருந்தும் எதிரே குந்தியிருக்க வேண்டும்.

இப்போது புதன்கிழமைகளில் வருவார்,
துவாரகனைச் சைக்கிள் பாரில் இருத்தி.
இருபது நிமிசமும் வாங்கில் இருப்பார்கள்.
நேற்றுக் கேட்டார்:
"மிஸ், அந்த எலியைத் திண்ட பாம்பு என்ன செய்யும்?
அதுக்கு ஆர் ஊசி போடுவினம்?"
நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

நேரம் ஆயிற்று.
குழாயைச் சாய்த்தேன்.
நின்றது.

இன்னொருமுறை சாய்க்கக் கை போனது.
ஒருமுறை மட்டும் என்பது விதி.