பூவைக் கிள்ளு

பழைய குளியல் தொட்டியில் வளர்கிறது
ஜுல்மீராவின் கொத்தமல்லி.
பேஜா நகரத்து மருத்துவமனைச் சலவையறையில்
இரவெல்லாம் விரிப்பு மடித்துவிட்டு
விடிந்ததும் கத்தரிக்கோலோடு குனிவாள்.

வெளித்தண்டுகள் மட்டும்.
மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு.
நடுக்குருத்தைத் தொடமாட்டாள்,
கடன் கேட்கப் போன வீட்டில்
அடுப்படியை எட்டிப் பார்க்காததுபோல.

பூண்டும் கல்லுப்பும் சேர்த்து இடித்து
கொதிநீர் ஊற்றி
நேற்றைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு
மேலே ஒரு முட்டை உடைத்து விடுவாள்.
எதிரில் அமர்ந்து அக்கா ஒத்தீலியா
"சூடாக இருக்கிறது" என்பாள்.
அவ்வளவுதான் சொல்வாள்.
மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகும்போது அவள் வாசனைகளையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஏப்ரலில் வெயில் உறைத்தது.
இலை இழையிழையாக மெலிந்தது.
நடுவில் ஒரு தண்டு விருட்டென்று எழுந்தது.
வெட்டினாள்.
பக்கத்தில் கிளைத்தது.
வெட்டினாள்.
இன்னும் கொஞ்சம் இரு என்று செடியிடம் சொல்ல
அவளிடம் வேறு சொல் இல்லை.

மே மாதம் முழங்காலில் அறுவை. பதினொரு நாள்.
தண்ணீர் ஊற்று, பூவைக் கிள்ளு
என்று தாளில் எழுதி
குழாய்க்கு மேல் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஊன்றுகோலோடு திரும்பிய மாலை
தொட்டியின் மேல் வெள்ளையாய் ஒரு புகை.
கிட்டே போனால்
புகைக்குள் தேனீ இரைகிறது.

"எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா?"
"படித்தேன்."
ஒத்தீலியா குழாயை இறுக்கி மூடினாள்.
"உனக்கு அது மணம்.
எனக்கு இத்தனை நாளும் வெறும் பச்சை.
இப்போதுதான்
என் கண்ணுக்கு ஏதோ கொடுக்கிறது."

அன்றைக்குப் பேச்சில்லை.
மறுநாள் சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்து
சமைத்தாள் தங்கை.
சூடாக இருந்தது.

ஜூனில் காய்த்தது.
பச்சைக் காயொன்றைக் கடித்த ஒத்தீலியா
முகம் சுளித்தாள்.
"வாசம் தெரிகிறதா?"
"இல்லை. நாக்கில் ஏதோ குத்துகிறது."
இன்னொன்று கேட்டாள்.

அலமாரிக் கதவில் தலைகீழாய்த் தொங்கிய தாள்பையில்
ராத்திரி நேரம் தானாக உதிரும் சத்தம்.

செப்டம்பரில் விதையைத் தரையில் பரப்பினார்கள்.
ஜுல்மீராவின் முழங்கால் இன்னும் வளையவில்லை.
செருப்புக் காலால் தேய்த்தது ஒத்தீலியா.
"மெதுவாக. இரண்டாகப் பிளந்தால் போதும்,
நசுக்காதே."

தொட்டி மண்ணில்
ஊன்றுகோல் நுனியால் குறுக்கே ஒரு கோடு.
கத்தரிக்கோல் எந்தப் பக்கம்,
தேனீ எந்தப் பக்கம் என்று
முதல் மழை தூறும்வரை
இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.