மூடி வந்த கை

ஆராதனை முடிந்து
வாசலில் எல்லோரும் செருப்புத் தேடும் நேரம்
வெஸ்ட்ரிக் கதவைச் சாத்திக்கொண்டு
நாங்கள் மூன்று பேர் எண்ணுவோம்.
சிவப்பு வெல்வெட் பை நான்கு.
கவிழ்த்தால் முதலில் சில்லறை,
பிறகு நோட்டு,
கடைசியில் கொஞ்சம் பஞ்சுத்தூசி.
திருப்பூர்க் காணிக்கை அப்படித்தான்.
சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கிய கை
எத்தனை சோப்புப் போட்டாலும்
பனியன் வாசம் விடாது.

அன்றைக்குப் பைக்குள்ளிருந்து
ஒரு பீஸ் ரேட் சீட்டு விழுந்தது.
பின்பக்கம் பென்சிலில்:
"இருநூறு எடுத்திருக்கேனுங்க.
பாப்பாவுக்குக் காய்ச்சல். குடுத்தர்றேன்."

அந்த 'ங்க' யாருக்கு?
எங்களுக்கா, மேலே இருக்கிறவருக்கா?

சீட்டு இல்லாவிட்டால்
குறைந்ததே தெரிந்திருக்காது எங்களுக்கு.
பைக்குள் போகிற கையெல்லாம்
மூடிப் போகும், திறந்து வரும்.
ஒரே ஒரு கை
திறந்து போய்
மூடி வந்திருக்கிறது,
பாமாலை நான்காம் சரணம் பாடும்போது,
பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியாமல்.

"கேமரா வைக்கலாம்" என்றார் இஸ்ரவேல் சார்.
ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர்.
சுகந்தியக்கா நோட்டுகளை
முகம் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:
"குடுத்தது ஆருன்னும் தெரியல,
வாங்குனது ஆருன்னும் தெரியல.
அதுக்குத்தானுங்க சார்
பைக்கு வாய் சிறுசு, வயிறு இருட்டு."

நூல் கடையில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான்.
கண்ணால் காணாத இருநூறை வரவு வைத்து
பேர் தெரியாத ஆளுக்கு
'உபகாரம்' என்று செலவு எழுதினேன்.
ஆடிட்டர் பக்கத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டார்.
இன்னும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வந்தது ஒரு இருபது ரூபாய்.
நாலாய் மடித்து
ஓவர்லாக் நூலால் சுற்றியிருந்தது, நீலம்.
அதற்கடுத்து ஆரஞ்சு. பிறகு பாசிப்பச்சை.
கம்பெனியில் எந்த ஆர்டர் ஓடுகிறதோ
அந்த நிறம்.
தீபாவளிக்குப் பூட்டிய இரண்டு வாரம்
ஒன்றும் வரவில்லை.
"அவ்வளவுதான்" என்றார் இஸ்ரவேல் சார்.
மூன்றாம் வாரம் கறுப்பு நூல்.
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்தாவது இருபது வந்த அன்று
கணக்கு நேரானது.
கோடு போட்டு முடித்தேன்.

அடுத்த ஞாயிறு பையைக் கவிழ்க்கும்போது
மூவரும் பேசிக்கொள்ளவில்லை.
சில்லறை விழுந்தது. நோட்டு விழுந்தது.
தூசி விழுந்தது.
பையை உதறினாள் சுகந்தியக்கா.
தையலில் சிக்கியிருந்தது
பதினொன்றாவது.
வெள்ளை நூல்.

அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.
கடன் தீர்ந்த பிறகு வருகிற பணத்துக்கு
எங்கள் லெட்ஜரில் பத்தி இல்லை.

என் தசமபாகம் மாதா மாதம் காசோலை.
ரசீது எண் ஒன்று எப்போதும் எனக்கே.
ஆண்டறிக்கையில் மூன்றாம் பக்கம், என் பேர்.
போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தேன்,
மைக்கில் பேர் இரண்டு தரம் கேட்கட்டும் என்று.
காய் வீட்டில் அழுகியது.
அதை எவருக்கும் சொல்லவில்லை.

நேற்றைக்கு
காசோலைப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு
சுருட்டிய நோட்டோடு
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
பை வந்தது.
கையை விட்டேன்.
உள்ளே வெல்வெட், இருட்டு,
யாரோ போட்ட காசின் சூடு.
விரலை விரிக்க இவ்வளவு நேரமாகும் என்று
இதுவரை தெரியாது எனக்கு.

பை பிடித்த பையன்
அடுத்த பக்கம் போகாமல்
நின்றுகொண்டிருந்தான்.