பார்க்கப்பட்டது, 9:42

பதினோராம் அத்தியாயம் முழுக்கக் குறுஞ்செய்தி.
வலப்பக்கம் நீலக் குமிழி, அவள்.
இடப்பக்கம் சாம்பல் குமிழி, அவன்.
பிரெயிலில் வலமும் இல்லை இடமும் இல்லை,
வரிக்கு நாற்பது கட்டம்
பக்கத்துக்கு இருபத்தைந்து வரி, அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சு என்றால் சுலபம்.
மூன்றாம் கட்டத்தில் தொடங்கி
முதல் கட்டத்துக்கு மடக்கினால் போதும்,
மேற்கோள் குறி வாயைத் திறந்து மூடிவிடும்.
இவர்கள் முற்றுப்புள்ளிகூட வைப்பதில்லை.
அதனால் மேலே ஒரு வெற்று வரி, கீழே ஒரு வெற்று வரி,
நடுவில் பெயர், முக்காற்புள்ளி, சேதி.
மஞ்சள் முகம் வரும் இடத்தில் பெயர்ப்பாளர் குறிப்பு:
கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்.
பதினான்கு தடவை எழுதினேன்.
ஒரு தடவையும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் உள்ளே வந்தது தொண்ணூற்றேழு மார்ச்.
அப்போது என் அக்காவிடம் பேஜர் இருந்தது.
இன்றுவரை ஒரு குறுஞ்செய்தி அனுப்பியதில்லை நான்.
அயோவா பெண்கள் சிறையின் பட்டறை,
ஜன்னலுக்கு அப்பால் சோளம், அதற்கப்பாலும் சோளம்,
ஒன்பது கணினி, இணையம் கிடையாது.
பக்கத்து மேசை டெல்ஃபீனிடம் கேட்டேன்,
இந்தக் குமிழிக்குள் மூன்று புள்ளி மட்டும் இருக்கிறதே,
அச்சுப்பிழையா?
அவள் போன வருஷம் வந்தவள்.
அவன் தட்டிக்கொண்டிருக்கிறான் என்றாள்.
என்ன தட்டுகிறான்?
தெரியாது. தெரியாததுதான் விஷயம்.

ஆறு புள்ளியில் பிழைப்பு நடத்துகிறவள் எனக்கு
அந்த மூன்று புள்ளி பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

கடைசிக் குமிழியின் அடியில் எறும்பளவு எழுத்தில்
பார்க்கப்பட்டது 9:42 என்றிருந்தது.
பக்க ஓரப் பூவேலையை விடுவதுபோல
விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஃபார்கோவிலிருந்து தாள் வந்தது.
மார்லிஸ் எங்ஸ்ட்ரோம், எங்கள் பிழை திருத்துநர்,
பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை.
அவர் கணவர் அச்சுப் புத்தகத்தை உரக்க வாசிப்பார்,
அவர் விரலால் என் பக்கத்தைக் கேட்பார்.
பக்கம் 203, வரி 17: ஒரு வரி காணோம்.
ஏழு வருஷத்தில் எண்களைத் தவிர எதுவும் எழுதாதவர்
கீழே எழுதியிருந்தார்:
அவன் படித்தான். படித்துவிட்டுப் பதில் போடவில்லை.
சேதி வழியில் தொலைந்துபோனதென்று
என் வாசகர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு வரி நுழைத்தால் எட்டுப் பக்கம் நகரும்.
நகர்த்தினேன்.
அத்தியாயம் முடியும்வரை ஒவ்வொரு வரியும்
ஒரு படி இறங்கி நின்றது.

என் மகன் குயின்சி டுபுயூக்கில் இருக்கிறான்.
மாதம் ஒரு கடிதம் போடுகிறேன்.
முகவரி மாறியிருந்தால் திரும்பி வரும்.
ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.
அதை இத்தனை நாளும்
நல்ல சேதியாகவே வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர்கள் நேரில் சந்திக்கிறார்கள்,
ஏதோ பேருந்து நிலையத்தில்.
மேற்கோள் குறிகள் திரும்ப வந்துவிட்டன.
இனிச் சிக்கலில்லை என்று டெல்ஃபீனிடம் சொல்லிவிட்டு
மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்தேன்.