கால்

கால்குலேட்டர் முதலில் எடையைக் கேட்டது.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ என்றேன்.
முன்பக்கம் எத்தனை விழுக்காடு?
ஐம்பத்தேழு.
பிறகு டயர், பிறகு குதிரைத்திறன்.
என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

உட்லண்ட்ஸ், பதினோராம் மாடி.
சீருடைச் சட்டை கதவுக் கைப்பிடியில் தொங்க,
தவணையில் வாங்கிய ஸ்டீயரிங்கைச்
சாப்பாட்டு மேசையில் திருகி இறுக்கியாயிற்று.
அறைக்குள்ளிருந்து தணிகாசலம் கேட்கிறார்:
"பகல் பூரா ஓட்டினது பத்தாதா உனக்கு?"
பகலில் நான் ஓட்டுவதில்லை, ஏற்றி இறக்குகிறேன்
என்று சொல்ல வாயெடுத்து
ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன்.

வாகன உரிமைச் சான்றிதழ் என்ன விலை என்று
நாங்கள் விசாரிப்பதையே விட்டாயிற்று.
ஆனால் இந்தத் திரைக்குள்
நாற்பத்தொரு கார் நிற்கிறது எனக்கு.
ஒன்றுக்கும் பார்க்கிங் கட்டணமில்லை.

கணக்கு வந்து விழுகிறது:
ஸ்பிரிங் முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு,
டேம்பர், கேம்பர், டயரில் காற்று.
மருந்துச் சீட்டைப் பார்த்துப் பொட்டலம் கட்டுகிறவள்போல்
ஒவ்வொன்றாய்க் காரில் ஏற்றுகிறேன்,
தசமப் புள்ளிக்கு அப்புறம் உள்ளதையும் விடாமல்.

ஹஸ்லிண்டாவுக்கு விடியல் நாலரைக்கு ஷிஃப்ட்.
இந்நேரம் செம்பவாங்கில் தூங்கிக்கொண்டிருப்பாள்.
போன வாரம் அவள் ஓட்டிவிட்டுப்போன ஒரே ஒரு சுற்று
தூங்காமல், கண்ணாடி உடம்போடு,
நிழல்காராய் எனக்கு முன்னால் போகிறது.
மூன்றாவது வளைவு.
அவள் உள்ளே ஒட்டித் திரும்புகிறாள்.
என் முன்சக்கரங்கள் சொன்ன பேச்சுக் கேளாமல்
வெளியே, இன்னும் வெளியே,
புல் மேயப் போகின்றன.
கால் நொடி.
ஒன்பது சுற்றும் அதே வளைவில் அதே கால் நொடி.

கால்குலேட்டரைத் திரும்பக் கேட்டேன்.
எல்லாம் சரி என்றது.

காலை ஏழு மணி, மண்டாய் ரோடு.
என் இரண்டு மாடி பஸ்ஸில்
முன்பக்கம் எண்பது விழுக்காடு:
எல்லாரும் கதவோரமே நிற்கிறார்கள்.
பின்னால் இடமிருக்கு, நகருங்க
என்று எத்தனை முறை கெஞ்சினாலும்
ஒரு கால் பின்வாங்குவதில்லை.
கம்பியைப் பிடிக்காமல், கண்ணை மூடியபடி ஒரு தாதி;
அவள் விரலில் கயிறு கட்டிய பொட்டலத்தில் கோப்பி.
வளைவு வருமுன்னே என் கால் பிரேக்கை விட்டது.
மெதுவாக, முழுவதுமாக,
வளைவென்று ஒன்று வந்ததே தெரியாதபடி.
அங்கேதான் புரிந்தது.

இரவிலும் அப்படித்தான் விடுகிறேன்.
பாரம் மூக்கில் இருக்க வேண்டிய நேரத்தில்
யாரோ விழுந்துவிடுவார்களென்று விட்டுவிடுகிறேன்,
ஆளில்லாத காரில்.
பெயரிலேயே காலை வைத்துக்கொண்டு
காலைக் கேட்கக் கட்டமில்லை அந்தக் கால்குலேட்டரில்.

காலைப் பழக்கினால் போச்சு என்று
ஒரு வாரம் பழக்கினேன்.
அழுத்து, வளைவுக்குள்ளும் கொஞ்சம் அழுத்து.
நிழலை மூக்கால் தொட்டேன்.
எட்டாம் நாள், மண்டாயில்,
கால் அரைக்கணம் பிந்திவிட்டது.
அதே தாதி கண்ணைத் திறந்தாள்.
கோப்பி தரையில் கோடு கிழித்து
என் இருக்கை வரை வந்தது.
பரவாயில்லை என்றாள்.
அடுத்த நிறுத்தம் வரை எனக்குக் கை சில்லிட்டிருந்தது.

அன்றிரவு கால்குலேட்டரிடம் பொய் சொன்னேன்.
முன்பக்கம்? ஐம்பத்து மூன்று.
நம்பியது, பாவம்.
முன் ஸ்பிரிங் இளகி வந்தது.
பஸ்காரியின் காலுக்கு வளைந்துகொடுத்த கார்
மூன்றாவது வளைவில் புல்லை நினைக்கவேயில்லை.
கால் நொடி
அரைக்காலாயிற்று.

டிப்போவில் ஹஸ்லிண்டா என் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.
ஐம்பத்து மூன்றா, எந்தக் கார் அது, என்றாள்.
பதில் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது.
ஏறிக் கதவை மூடினேன்.
பின்னால் நகருங்க.