எஃகு: 3

குப்புராஜ் ஓசூருக்குப் போய்விட்டார்.
விட்டுப்போனது ஒரு பில் மென்பொருள், மூலநிரல் இல்லாமல்.
அதற்குள் பெயரில்லாத ஒரு பெட்டி:
சொல் போட்டால் எண் வரும்.
எண்ணை எட்டு ரூபாயால் பெருக்கி
பில்லில் சேர்த்துவிடும். எதற்கென்று
கடைக்காரருக்கும் தெரியாது.
"அவரு வச்சது. அப்படியே ஓடுது."

செவ்வாய்ப்பேட்டை மாடியறை. மார்ச் மாதம்.
கீழே கொலுசுகளுக்கு மெருகேற்றும் இரைச்சல்.

சேலம் என்று தட்டினேன். 1.
மழை, 0. மலை, 0.
மலைப்பக்கம் இதற்கு ஆகாது போல என்று
ஏற்காடு போட்டால், 1.

எடையோ?
யானை 0, எறும்பு 1.
நீளமோ?
சேலம் போலக் கொலுசும் மூன்றெழுத்துத்தான்;
கொலுசுக்கு 0.
அசல் 1, வட்டியும் 1.
இதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை.
சகாயமேரி என்று என் பெயரைப் போட்டேன்.
0.
கொஞ்சம் கோபம் வந்தது.
கோபம், 1.

பேட்டையின் பெயரையே முழுசாய்க் கொடுத்தேன். 4.
செவ்வாய்ப்பேட்டை:
திரையில் அந்தச் சொல்லின் தலைமேல்
கடுகு தெறித்த மாதிரி நாலு புள்ளி.

அட, மெய்யெழுத்து!
டீ சொல்லி அனுப்பிவிட்டு
இருபது சொல் போட்டேன், இருபதும் சரி.
முடிந்தது என்று பையை எடுக்கும்போது
தெருமுனையில் இரும்பாலை பஸ்ஸின் ஹாரன்.
இரும்பு, 1. சரி.
எஃகு?
ஒரு மெய்யும் இல்லை, 0 வர வேண்டும்.
3.

பையைக் கீழே வைத்தேன்.
ஈ, 2.
ஸ்ரீ (இங்கே பாதிக் கடைகள் அதில்தான் தொடங்கும்), 0.
எழுத்தை அல்ல,
கண்ணுக்குத் தெரியும் பொட்டுகளை எண்ணியிருக்கிறார் மனுஷர்.

கீழே இறங்கினேன்.
சீராளன் ஒரு வெள்ளி டம்ளரில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்.
கோடெல்லாம் ஓர் உளியில் ஓடியது.
புள்ளி வந்ததும் அதை வைத்துவிட்டு
கூர்முனை ஒன்றை எடுத்து, ஒரே தட்டு.
மறுபடி உளி.
ஒவ்வொரு தட்டுக்கும் கூலி தனி, எட்டு ரூபாய்.

என் பெயருக்கு அவர் கை மாற்றவே வேண்டாம்.

மேலே வந்து, அணைப்பதற்கு முன்
எதுவுமே தட்டாமல் என்டரை அழுத்தினேன்.
−1.

பெயரில்லாமல் வருகிறவருக்குக்
கடை எட்டு ரூபாய் தர வேண்டும்.
ஏன் என்று ஓசூருக்கு மூன்று முறை அடித்தேன்.
எடுக்கவில்லை.