நள்ளிரவுச் சூத்திரம்

ஹைல்ப்ரொன்னில் அதற்கு அப்படித்தான் பெயர்:
நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கேட்டாலும்
ஒப்புவிக்க வேண்டிய சூத்திரமாம்.
எங்களை யாரும் எழுப்பத் தேவையில்லை.
அந்நேரம் நானும் மிர்சாதாவும்
பிரெட்சல்களுக்கு உப்புத் தூவிக்கொண்டிருப்போம்.

அடுப்புக்குப் பதினெட்டு நிமிடம்.
தட்டு உள்ளே போனதும்
மேசையில் சிந்திய மாவில் விரலால் எழுதுவாள்:
எக்ஸ் வர்க்கம், கழித்தல் பதின்மூன்று எக்ஸ்,
கூட்டல் முப்பத்தாறு, சமன் சைபர்.
"சூத்திரம் வேண்டாம்" என்பேன்.
"கூட்டினால் பதின்மூன்று, பெருக்கினால் முப்பத்தாறு.
ஆர் அந்த இரண்டு பேர்?"
"நாலும் ஒன்பதும்."
துணியால் ஒரே இழுப்பு.
மேசை சுத்தம்.

குணகங்களைக் கூட்டிச் சைபர் வந்தால்
ஒரு விடை ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எழுது.
நாற்பத்தெட்டை ஐம்பத்திரண்டால் பெருக்க
ஐம்பதின் வர்க்கத்தில் நாலைக் கழி.
ஒன்றும் ஓடாவிட்டால்
தந்த விடைகளையே போட்டுப் பார்.
நாலு நிமிட அட்சரகணிதம்
நாற்பது விநாடியில் முடியும்.
மிச்சம் பிடித்த நிமிடங்களை நாங்கள் கண்டதேயில்லை,
விடியற்காலை பஸ்ஸில்
நித்திரையாய்ப் போயிருக்கும்.

மாலைப் பள்ளியில் மாதிரிச் சோதனைத் தாள் திரும்பி வந்தது.
எட்டு விடையும் சரி.
எட்டுக்கும் பாதிப் புள்ளி.
ஓரத்தில் சிவப்பு மையில் ஐஸெலே டீச்சர்:
வழி எங்கே?
"மாவில்" என்று மிர்சாதா சிரித்தாள்,
"துடைத்துவிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஆறு வருசத்துக்கு முன் கார்ல்ஸ்ரூவில்
இதே கேள்வி.
மொழிபெயர்ப்பாளருக்குத் தடிமன்.
மேசையில் ஆரோ கடித்து வைத்த ஆப்பிள்.
எந்த நாட்டால் வந்தாய், என்ன வாகனம், எத்தனை நாள்,
ஆருக்கு எவ்வளவு கொடுத்தாய்.
புறப்பட்ட இடம் சொன்னேன்.
வந்த இடம் இதுதான், உங்கள் முன்னால், என்றேன்.
நடுவில் கிடந்த பதினொரு மாதத்தை
ஒரு வரியில் சுருக்கினேன்.
அங்கேயும் பாதிப் புள்ளி:
ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற அட்டை.

நேற்று ஒரு கணக்கு எதற்கும் மடங்கவில்லை.
கூட்டினால் கழித்தல் நாலு,
பெருக்கினால் ஐந்து.
அந்த இரண்டு பேரைத் தேடித் தேடி
ஒரு தட்டுப் பிரெட்சல் கருகிப்போனது.
மேற்பார்வையாளன் கத்திவிட்டுப் போன பிறகு
சூத்திரத்தையே எடுத்தோம், முழுசாக.
மாவில் அல்ல,
மாவுச் சாக்கைக் கிழித்து அதன் முதுகில், பேனாவால்.
அவள் படிபடியாகச் சொல்ல நான் எழுதினேன்.
வர்க்கமூலத்துக்குள் கழித்தல் நாலு வந்து குந்திக்கொண்டது.
மெய்யான விடை கிடையாது.
"அதையே எழுது" என்றாள்,
"விடை இல்லை என்று எழுதினால்
இதற்கு முழுப் புள்ளி."

அவள் அடுத்த தட்டுக்குப் போனாள்.
நான் காகிதத்தைத் திருப்பினேன்.
ஏனென்று தெரியாமல்
மேலே ஒரு திகதி எழுதினேன்.
அதற்குக் கீழே ஒரு துறைமுகத்தின் பெயர்.
அதற்குக் கீழே

அடுப்பு மணி அடித்தது.